அறுபத்திரண்டு மாத்திரை

2020 ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை 6 மணி முதல் திருவனந்தபுரம் மாநகராட்சி முழுக்க ட்ரிப்பிள் லாக்டவுன் என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் மற்றவர்கள் அரிசி எத்தனை கிலோ இருக்கிறது, கேஸ் எப்போது தீரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கிக் கட்டிலில் கவிழ்த்தேன். டாக்ரோலிமஸ், 1 மில்லிகிராம். எண்ணினேன், 62. கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறவன் எதையும் ஒரு தடவை எண்ணியதோடு விடமாட்டான். இரண்டாவது தடவையும் 62தான்.

காலை 8 மணிக்கு இரண்டு, ராத்திரி 8 மணிக்கு இரண்டு. பதினைந்தரை நாளைக்கு வரும்.

என் வலது இடுப்புக் குழியில் அம்மையின் இடது சிறுநீரகம் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் வைத்தது. கெட்டுப்போனதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்லதைப் பொருத்துவார்கள் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. என்னுடைய இரண்டும் பழைய இடத்திலேயே சுருங்கிக் கிடக்கின்றன. அம்மையுடையது முன்பக்கம், தோலுக்கு அடியில், கையை வைத்தால் தட்டுப்படுகிற தூரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் யாராவது இடித்தால் என் கை தானாக அங்கே போகும்.

மனைவியின் ரத்த வகை பி. நான் ஓ. அம்மையும் ஓ. அப்போது அம்மைக்கு 58 வயது. தக்கலைப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாழைத் தோப்பில் நின்றுகொண்டு, "ரெண்டு இருக்குல்லா, ஒண்ண எடுத்துக்கோ" என்றாள், வாழைக்கன்று கொடுக்கிற மாதிரி. அம்மை கொடுத்துவிட்டாள். என் உடம்புதான் அதை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியே சொன்னால் நம்புவது கடினம். பெற்றவளின் உறுப்பாகவே இருந்தாலும் ரத்தத்தில் திரிகிற வெள்ளை அணுக்களுக்கு அது அன்னியப் பொருள்தான். டி செல் என்கிறார்கள். அது அன்னியத்தைக் கண்டதும் சங்கு ஊதிப் படையைத் திரட்டும். டாக்ரோலிமஸ் செய்கிற வேலை ஒன்றே ஒன்று, அந்தச் சங்கை ஊதவிடாமல் பிடித்துக்கொள்வது. அதன் பிடி பன்னிரண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். பிறகு அடுத்த மாத்திரை.

இந்த மருந்து வந்த வழியைச் செக்கப்புக்குப் போன ஒரு நாளில் இளம் டாக்டர் ஒருவர் சொன்னார். பிற்பாடு நானும் தேடிப் படித்தேன். 1984இல் ஜப்பானில் சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. அதற்கு முன்பு சைக்ளோஸ்போரின். அது நார்வேயின் ஒரு பீடபூமி மண்ணில் இருந்த பூஞ்சை. சிரோலிமஸ் என்ற இன்னொன்று ஈஸ்டர் தீவின் மண். அதை ஆராய்ந்த சுரேந்திரநாத் சேகல் நம் பக்கத்து ஆள், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஊரில் பிறந்தவர். மான்ட்ரியலில் அவருடைய ஆய்வுக்கூடத்தை மூடியபோது அந்தக் கிருமியைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினாராம். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் எத்தனை பேருடைய உயிர் உறைந்து கிடந்திருக்கிறது! 1954இல் பாஸ்டனில் ஜோசப் முரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சாக ஒன்றான இரட்டையர். எங்கள் பக்கத்தில் 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் செய்தபோது டாக்ரோவும் கிடையாது, சைக்ளோஸ்போரினும் கிடையாது. அசத்தியோப்ரினும் ஸ்டீராய்டும்தான். அந்தக் காலத்தில் வைத்த சிறுநீரகங்களில் பாதிதான் ஒரு வருடத்தைத் தாண்டும் என்பார்கள். அந்த வரிசையில் நின்றவர்களை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் கூச்சம் என்பது போகப்போகத் தெரியும்.

நான் இருப்பது கரமனையில். வேலை சாலை பஜாரில் ஒரு மலஞ்சரக்கு மொத்தக் கடையில். சுக்கு, மிளகு, கிராம்பு. ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது போட்ட கடைத்தெரு அது. இன்றைக்கும் பாதிக் கடையில் தமிழ்தான். 1956 வரைக்கும் எங்கள் தக்கலையும் இந்தத் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில்தான். அதற்குப் பிறகும் கல்யாணச் சேலைக்கும் கான்சர் வைத்தியத்துக்கும் எங்கள் ஆட்கள் களியக்காவிளையைத் தாண்டி இங்கேதான் வருகிறார்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள் செக்கப்புக்கு வரும் நாளில் வராந்தாவில் பாதிப் பேச்சு மார்த்தாண்டம், குழித்துறை பாஷையில் இருக்கும். அங்கே யாரும் யாரையும் "சுகமா" என்று கேட்பதில்லை. "லெவல் எத்தன?" என்றுதான் கேட்பார்கள். லெவல் என்றால் ரத்தத்தில் டாக்ரோ எவ்வளவு நிற்கிறது என்ற கணக்கு. முந்தின ராத்திரி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்பு, ரத்தம் எடுக்க வேண்டும். எனக்கு 5க்கும் 8க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தின்னும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைத் தின்னும். கையும் நடுங்கும். வைத்த முதல் வருடம் என் பேரேட்டைப் பார்த்த முதலாளி, "என்னடே, கோழி கிளறின மாதிரி எழுதியிருக்க" என்றார். டாக்ரோ அப்போது காலை நாலு, ராத்திரி நாலு.

அதைக் குறைத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. டில்டியாசம் என்று ஒரு பிரஷர் மாத்திரை. அதைக் கூடச் சேர்த்தால் டாக்ரோ உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது, குறைந்த மாத்திரையிலேயே லெவல் நிற்கும். பணமில்லாத நாட்டு டாக்டர்கள் பிடித்துவைத்திருக்கிற வழி. இதே காரணத்துக்காகத்தான் கம்பிளிநாரங்ஙா கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். நம் பம்ப்ளிமாஸ். பக்கத்து வீட்டுச் சேச்சியின் முற்றத்தில் அது பந்து பந்தாகத் தொங்கும், எனக்கு மட்டும் கிடையாது. அதுவும் மருந்தை உடம்பில் தங்கவைத்துவிடும், எவ்வளவு தங்கும் என்று யாருக்கும் கணக்குச் சொல்ல முடியாது.

மார்ச்சில் ஊர் அடைத்தபோது எனக்கு ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. ஆறு வருடமாக மாஸ்க் போட்டவன், கை கழுவியவன், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராதவன் நான். அதுவரை என்னை ஒரு மாதிரி பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது என் கோலத்தில் நடந்தார்கள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

தொந்தரவு ஒரு வார்த்தை வடிவில் வந்தது. எதிர்ப்பு சக்தி. டி.வி.யில், பேப்பரில், வாட்ஸ்அப்பில், ரேஷன் கடை வாசலில், எங்கே பார்த்தாலும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள், கூட்டுங்கள். மஞ்சள் பால், நெல்லிக்காய், இஞ்சிச் சாறு. எங்கள் கடையில் சுக்கும் மிளகும் பறந்தன. நான் அதைத் தூக்கி எடை போட்டுக் கொடுத்துவிட்டு, ராத்திரி 8 மணிக்கு வீட்டில் உட்கார்ந்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கக் கதவுக்குப் பூட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பது போலிருந்தது. இந்த நினைப்பு மனதில் எப்போது ஒட்டியது என்று எனக்கே தெரியாது. அது லேசில் போகவில்லை.

ஏப்ரல் நடுவில் அம்மை ஒரு பொட்டலம் அனுப்பினாள். எல்லை அடைப்பு. இந்தப் பக்கம் இஞ்சிவிளையில் போலீஸ், அந்தப் பக்கம் களியக்காவிளையில் போலீஸ். ஆள் போக வழியில்லை, காய்கறி லாரி போகலாம். வடசேரியிலிருந்து சாலைக்குச் சரக்கு ஏற்றி வரும் டிரைவர் ஒருவர் எங்களுக்கு ஊர் முறை. அவர் கத்தரிக்காய்ச் சாக்குக்கு நடுவில் செருகிக் கொண்டுவந்தார். உள்ளே கபசுரக் குடிநீர்ப் பொடி, கால் கிலோ. தமிழ்நாட்டில் அப்போது தெருத்தெருவாக அதைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

போனில், "ராவிலே வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடி, கேட்டியா? உனக்குத்தான் சக்தியே இல்லேன்னு டாக்டர் சொன்னாருல்லா" என்றாள்.

நான் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரிடம் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார் அந்தப் பெண். எந்தப் பச்சிலை டாக்ரோவோடு என்ன செய்யும் என்று தெரியாமல் குடிக்கக் கூடாது. சரி. ஆனால் 64 வயதுக்காரி, ஒற்றைச் சிறுநீரகத்தோடு, எல்லையைத் தாண்டி அனுப்பியதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பொடியை அடுக்களைப் பரணில் வைத்தேன். தினமும் சாயங்காலம் போன் வரும்.

"குடிச்சியா மக்களே?"

"குடிச்சேன்."

இது முதல் பொய். எண்பது நாளுக்கு மேல் சொன்னேன்.

மே 9 அன்று டி.வி.யில் ஒரு ஹெலிகாப்டரைக் காட்டினார்கள். மூளைச்சாவு அடைந்த ஒரு டீச்சரின் இதயம் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்குப் போகிறது. கேரள அரசு வாடகைக்கு எடுத்திருந்த ஹெலிகாப்டர் அது. எடுத்ததற்காக அதுவரை எதிர்க்கட்சிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அரசாங்கம், அதன் முதல் காரியமாக இந்த இதயத்தை அனுப்பியது. மிருதசஞ்சீவனி என்று 2012இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அந்த ஏற்பாடு. வெளியே எடுத்த இதயம் நாலு மணி நேரம்தான் தாங்கும் என்பதால் ஊரடங்கில் வெறிச்சோடிய சாலையில் ஆம்புலன்ஸ் பறந்தது. வீட்டில் எல்லாரும் கண் கலங்கிப் பார்த்தார்கள். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கிறவருக்கும் இனிமேல் நாளுக்கு இரண்டு தடவை அலாரம் அடிக்கும். டி.வி. அந்த அலாரத்தைக் காட்டாது. காட்டினால் யார் பார்ப்பார்கள்?

ஏப்ரலிலிருந்து கடையில் பாதிச் சம்பளம். முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன், பாதியாவது கொடுத்தார். எனக்கு மருந்துக்கு மட்டும் மாதம் ₹9,000 பக்கம் ஆகும். டாக்ரோ, மைக்கோஃபெனோலேட், ஸ்டீராய்டு, பிரஷருக்கு, சுகருக்கு. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் காருண்யா பார்மசி இருக்கிறது, அங்கே வாங்கினால் விலை நன்றாகக் குறையும். 2011இல் காருண்யா என்ற பெயரில் ஒரு லாட்டரியே தொடங்கி, அதில் வருகிற லாபத்தை வைத்தியத்துக்குத் திருப்பிய ஊர் இது. சீட்டு வாங்கித் தோற்றுக்கொண்டே இருக்கும் கரமனை ஆட்டோக்காரர்களிடம் நான், "உங்க நஷ்டத்துல என் கிட்னி ஓடுது" என்பேன். சிரிப்பார்கள்.

ஜூன் மாதப் பாதிச் சம்பளம் ஜூலை 6 திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குத்தான் பூட்டு விழுந்தது.

பூந்துறையில் தொற்று வெடித்திருந்தது. குமரிச்சந்தை மீன் மார்க்கெட்டிலிருந்து பரவியது என்றார்கள். கடற்கரை வார்டுகளில் கமாண்டோக்களை இறக்கினார்கள். 17ஆம் தேதி முதலமைச்சரே பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படி ஒரு வார்த்தையை ஒப்புக்கொள்ளப் பெரும்பாலான மாநிலங்கள் அப்போது தயாராக இல்லை. ஒரு வாரம் என்ற பூட்டு நீண்டுகொண்டே போனது.

மெடிக்கல் ஷாப்புகள் திறந்துதான் இருந்தன. அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் முக்கிலிருக்கிற கடையில் டாக்ரோ இருக்காது. பாராசிட்டமால் மாதிரி விற்கிற சரக்கில்லை அது. ஒரு நாள் ஒரு கடைக்காரர் வேறு கம்பெனி டாக்ரோ பத்து மாத்திரை இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். கம்பெனி மாறினால் லெவல் மாறலாம், மாற்றினால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். காருண்யாவுக்குப் போவதென்றால் ஐந்தாறு தடுப்பைத் தாண்ட வேண்டும். "எங்கோட்டா?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள், சீட்டைக் காட்டினால் விடுவார்கள். மெடிக்கல் காலேஜ் பக்கம்தான் கொரோனா வார்டு, எனக்கு அங்கே போகப் பயம். இதெல்லாம் நான் மனைவியிடம் சொன்ன காரணங்கள். உண்மைக் காரணம், கையில் ₹3,800 இருந்தது, முதலாளியிடம் போன் போட்டு முன்பணம் கேட்க வாய் வரவில்லை. சாலையில் இருபது வருடம் பிறருடைய பற்று வரவு எழுதியவனுக்குத் தன் பெயரைப் பற்றுப் பக்கத்தில் எழுதச் சங்கடம்.

அப்போதுதான் அந்த வார்த்தை வேலை செய்தது. எதிர்ப்பு சக்தி. ராத்திரி இரண்டுக்குப் பதில் ஒன்று போட்டால் என்ன? 62 மாத்திரை இருபது நாள் வரும். மூன்றாவது தெருவில் கொரோனா நிற்கிறது. உடம்புக்குக் கொஞ்சம் சக்தி இருக்கட்டுமே. அம்மையும் அதைத்தானே சொன்னாள். கஷாயம் குடித்துக் கூட்ட முடியாததை மாத்திரையைக் குறைத்துக் கூட்டிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் இது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கஞ்சத்தனம் என்று தோன்றவில்லை, பாதுகாப்பு என்று தோன்றியது. கோஆர்டினேட்டரிடம் ஏன் கேட்கவில்லை என்றால், என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 6 ராத்திரி முதல் ஒன்று. மனைவி பார்க்காதபடி உள்ளங்கையில் மறைத்துப் போட்டுக்கொள்வேன். இது இரண்டாவது பொய். இதற்கு வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

முதல் பத்து நாள் ஒன்றுமே இல்லை. கை நடுக்கம்கூடக் குறைந்தது. வீட்டிலேயே கணக்கெழுதிக்கொண்டிருந்தேன், எழுத்து அழகாக வந்தது. உடம்பு தேறுகிறது என்று நினைத்தேன். இப்போது அந்த நோட்டை எடுத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஜூலை 14, 15, 16 தேதிகளில் ஒவ்வொரு எண்ணும் அச்சடித்த மாதிரி இருக்கிறது. மருந்து இறங்கியதைத்தான் அந்த எழுத்து எழுதியிருக்கிறது.

22ஆம் தேதி செருப்பின் வார் கணுக்காலில் பதிந்தது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, நிரம்ப நேரமாயிற்று. எடை 64இலிருந்து 67. மூத்திரம் குறைந்திருந்தது. வலது இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன், அம்மையின் சிறுநீரகம் கொஞ்சம் கனத்து, கல் போல. ராத்திரி தூங்கவில்லை. காலையில் போன் போட்டேன்.

"மாத்திரை எல்லாம் கரெக்டா கழிக்குந்நில்லே?" என்றார் கோஆர்டினேட்டர்.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அதுவரை என்னை அங்கிள் என்று கூப்பிட்டவர் அன்று அப்படிக் கூப்பிடவில்லை. காலை மாத்திரையைப் போடாமல் உடனே வரச் சொன்னார். வண்டிக்கு என்ன செய்வது என்று முனகினேன். "101-இல் விளிச்சால் ஃபயர்ஃபோர்ஸ்காரர் மருந்து வீட்டில் கொண்டுவந்து தருமாயிருந்நு" என்றார். தீயணைப்புப் படை. ஏப்ரலிலிருந்தே அவர்கள் ஊரடங்கில் மருந்து கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கான்சர்காரருக்கு சிவப்பு ஜீப் வந்து மருந்து கொடுத்ததை நானே மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அது எனக்கும் உரியது என்று தோன்றவேயில்லை.

லெவல் 2.9. கிரியாட்டினின், சிறுநீரகம் கழிக்காமல் விட்ட கழிவின் கணக்கு, 2.3. எனக்கு வருடக்கணக்காக 1.2.

பயாப்சி எடுத்தார்கள். சிறுநீரகம் முன்பக்கம் இருப்பதில் ஒரு வசதி, மல்லாந்து படுத்தால் போதும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசியை இறக்கினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், கடையில் பில் கட்டுக்கு ஸ்டேப்ளர் அடிப்போமே, அதே சத்தம். இரண்டு தடவை. குண்டூசிப் பருமனில், மண்புழுக் குட்டி போல, இளஞ்சிவப்பாக ஒரு துண்டு. டாக்டர் அதைக் குப்பியில் போடும்போது பார்த்தேன். அது என்னுடையதில்லை, அம்மையுடையது என்ற நினைப்பு வந்ததும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு ஆறு மணி நேரம் அசையாமல் படுக்கை.

ரிஜெக்‌ஷன்தான். மீதைல்பிரட்னிசோலோன் 500 மில்லிகிராம், மூன்று நாள் ட்ரிப்பில். நாக்கில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. தூக்கம் அறவே இல்லை, பசி மட்டும் யானைப் பசி. சுகர் 300ஐத் தாண்டி இன்சுலின் போட்டார்கள். கொரோனாவுக்கு பயந்து சக்தியைக் கூட்டப் போனவனுக்கு, கூட்டியதையெல்லாம் ஒரே மூச்சில் அடக்க வேண்டியதாயிற்று. வார்டில் நான் கொரோனாவுக்கு முன்னைவிடப் பல மடங்கு திறந்த கதவாகக் கிடந்தேன். தலைமை டாக்டர் திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மலையாளத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: பணமா, பயமா? பணம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவருக்கு இந்தப் பதில் பழக்கம் போலிருந்தது.

கிரியாட்டினின் 1.6க்கு இறங்கி நின்றது. 1.2 திரும்பி வரவில்லை, இனி வராது. அந்த 0.4, இருபது மாத்திரைக்குக்கூட வராத என் மிச்சம்.

அம்மையிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வழக்கம் போல போன் வந்தது. பின்னால் ட்ரிப் மிஷினின் சத்தம்.

"குடிச்சியா மக்களே?"

என்ன நினைத்தேனோ தெரியவில்லை. "இல்லம்மா. ஒரு நாளும் குடிக்கல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. கோழி கேறுவது மட்டும் கேட்டது. பிறகு, "அப்ப மாத்திரையும் அப்படித்தானா?" என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. திட்டவும் இல்லை. "எத்தன நாளு?" என்றாள். பதினேழு ராத்திரி என்றேன். "பதினேழு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். போனை வைத்துவிட்டாள்.

அதே வாரம் காய்கறி லாரியில் ஒரு பொட்டலம். ஹார்லிக்ஸ் பாட்டில் பேப்பரில் சுற்றி, சணல் கட்டி. உள்ளே ₹11,000, நூறும் ஐம்பதுமாக. தோப்பில் ஏத்தன் குலைகளை முற்றும் முன்பே வெட்டி விற்றிருக்கிறாள். ஓணத்துக்கு வைத்திருந்த குலைகள். அந்த வருடம் ஓணத்துக்கு ஏத்தங்காய்க்கு நல்ல விலை கிடைத்தது என்று டிரைவர் அண்ணாச்சி பிற்பாடு சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பரில் கடைக்குப் போக ஆரம்பித்தேன், வாரம் இரண்டு நாள். 2021 ஜனவரி 5 அன்று ஆ. மாதவன் காலமானார். இந்தச் சாலைத் தெருவைக் கதைகளாக எழுதியவர், இங்கேயே கடை நடத்தியவர். எங்கள் கடைக்கு எதிர் வரிசையில் நடந்து போவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். போய் ஒரு மாலை போட முடியவில்லை. எனக்குக் கூட்டம் ஆகாது. முதலாளி போய்விட்டு வந்தார்.

மார்ச் 1 முதல் 45 வயதுக்கு மேல் நோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி என்றபோது, அந்த நோய்ப் பட்டியலில் சிறுநீரகம் மாற்றியவர்களும் இருந்தார்கள். எனக்கு 46. போட்டுக்கொண்டேன். எங்களுக்கு அது முழுசாகப் பிடிக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதே மாதம் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்கள் உறுப்பு மாற்றிய 436 பேரைப் பார்த்ததில், முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்பொருள் உண்டானது 17 சதவீதம் பேருக்குத்தான். இரண்டாவது ஊசிக்குப் பிறகும் பாதிக்குக் கொஞ்சம் மேல். படைக்கு எதிரியின் படத்தைக் காட்டினாலும் சங்கை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோமே. டாக்டர் அதைச் சொல்லிவிட்டு, "என்றாலும் டாக்ரோவில் கை வைக்காதே" என்று தமிழிலேயே சொன்னார். அதுவரை அவருக்குத் தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அம்மை இந்தப் பக்கம் வர முடிந்தது அதற்கும் பல மாதம் கழித்து. ஆனால் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே என் தங்கை மகனைப் பிடித்து வீடியோ கால் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி முதல் தினமும் அழைப்பு வருகிறது. முகத்தைக் காட்ட மாட்டாள். போனைத் தலைகீழாகப் பிடித்திருப்பாள், ஓட்டுக்கூரையும் மின்விசிறியும்தான் தெரியும், குரல் மட்டும் கீழிருந்து.

"கைய நீட்டு."

நீட்டுவேன்.

"ரெண்டா?"

"ரெண்டு."

"போடு. தண்ணி குடி. வாயத் திற. நாக்கத் தூக்கு."

வீட்டில் பிள்ளைகள் சிரிக்கும். 46 வயது ஆள் கேமரா முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

தக்கலை வீட்டுச் சுவர்க் கடிகாரம் அப்பா காலத்திலிருந்தே ஐந்து நிமிடம் வேகம். திருத்தலாம் என்றால் விடமாட்டாள். அதனால் எனக்கு ராத்திரி எட்டு மணி 7:55க்கே ஆகிவிடுகிறது. கோஆர்டினேட்டரிடம் சொன்னேன். ஐந்து நிமிடம் பரவாயில்லை, காலையிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்றார். போனில் இரண்டு அலாரத்தையும் மாற்றி வைத்துவிட்டேன்.